திறக்க மறுத்த லாச்சி

என் கணவரின் அம்மா, மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கப்போகிறார் என்றதும் ஓர் அறையை ஒழித்து அவருக்குக் கட்டில் போட்டோம். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கிய இடைவெளிதான் மிஞ்சியது. அதற்குள் வைக்க, லாச்சியோடு, அதாவது இழுப்பறையோடு, சின்ன மேசை ஒன்று வேண்டும். கண்டியில் ஏறி இறங்கிய தளபாடக் கடைகளில் இருந்தவையெல்லாம் அகலமானவை. அந்த எரிச்சலில்தான், "நானே செஞ்சிடுறேன்" என்று வீட்டில் சொன்னேன். அதுவரை சுவரில் ஓர் ஆணியைக்கூட நான் நேராக அடித்ததில்லை.

என் கணவர் தடுத்திருக்கலாம். "உமக்கு விருப்பமெண்டால் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரோடு நகர்ந்துவிட்டார். புசல்லாவையிலிருந்து அம்மாதான் போனில் கத்தினார். "ஏன்டி, ஒரு தச்சு பாஸ்கிட்ட சொன்னா அவரு ஒரே நாள்ல செஞ்சி குடுத்துட்டுப் போறாரு. ஒனக்கு ஏன் இந்த வேல?"

கட்டுகஸ்தோட்டையில் ஒரு மரக்கடையில் பைன் பலகை வாங்கினேன். நன்றாகக் காய்ந்த பலகை என்று கடைக்காரர் சிங்களத்தில் அடித்துச் சொன்னார். நானும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். எதற்காகத் தட்டினேன் என்று எனக்கே தெரியாது.

விடுமுறை நாட்களில், குசினிக்குப் பின்னால் இருக்கும் படிதான் என் பட்டறை. வீடியோவில் பார்த்த மனிதர் பலகையை வாழைத்தண்டுபோல அறுத்துத் தள்ளினார். நான் முழங்காலால் பலகையை அமுக்கிக்கொண்டு அறுத்தால், ஈர்வாள் பென்சில் கோட்டை விட்டு விலகி விலகிப் போனது. திருகாணி ஏற்றினால் பலகையின் முனை பிளந்தது. பிளந்ததை வெட்டி எறிந்தால் பலகை குட்டையானது. மறுபடி கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். அலுவலகத்தில் என் விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்டரைப் பார்த்து எல்லோரும் விசாரித்தார்கள். சமைக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்றேன்.

எல்லாவற்றிலும் லாச்சிதான் சரியாக வந்தது. மேசைக்குள் அச்சடித்தாற்போல் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. இம்மியும் இடைவெளி இல்லை. அதுதான் நல்ல வேலை என்று நினைத்தேன். முகப்புக்கு வார்னிஷ் பூசினேன். உள்ளே போகும் பக்கங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மாமி வந்து அதைத் தடவிப் பார்த்தார். "பரவாயில்லையே பிள்ளை, வடிவா இருக்கு" என்றார். உண்மையிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் பிறகு மழை பிடித்தது. நாள் கணக்காக விடாமல் பெய்தது. துவைத்த துணி காயவில்லை, சுவரெல்லாம் ஈரம் பூத்தது. அந்த மழைக்குள்தான் கம்பளையில் மாமியின் தங்கை மகனுக்குக் கல்யாணம். காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது மாமி வாயைக் கையால் பொத்தியபடி வந்து நின்றார்.

"பிள்ளை, லாச்சி திறக்குதில்லை."

"உள்ள என்ன மாமி இருக்கு?"

"என்ர பல்லு."

கட்டுப்பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு இரவில் லாச்சிக்குள் வைப்பது அவர் வழக்கம். மேசையை அசைத்தேன். டப்பா உள்ளே உருளும் சத்தம் கேட்டது. பிடியைப் பற்றி இழுத்தேன். பிடி கையோடு வந்தது. லாச்சி வரவில்லை.

"நீர் விடும், நான் பாக்கிறன்" என்று கணவர் கத்தியோடு வந்தார். கத்தியின் முனை முறிந்ததுதான் மிச்சம். ஈரத்தில் பலகை ஊதிவிட்டது, சூடு காட்டினால் சுருங்கும் என்று அவரே கண்டுபிடித்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து பிடித்தார். வார்னிஷ் கருகி அறை முழுவதும் நாறியது. வெளியே வேன்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்.

"என்னை விட்டிட்டுப் போங்கோ" என்று மாமி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பல்லில்லாமல் சபையில எப்படிப் போய் இருக்கிறது?"

"நீங்க இல்லாம எப்படி மாமி போறது? இருங்க."

மேசையின் பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ளுவதுதான் ஒரே வழி. ஆனால் ஆடக்கூடாதென்று அந்தப் பலகைக்குப் பசை பூசி, வரிசையாக ஆணியும் அடித்திருந்தேன். கால்கள் ஆடின, மேற்பலகை ஆடியது, முழு மேசையும் ஆடியது. அது மட்டும் அசையவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொரு அடியும் எனக்கே விழுவதுபோல இருந்தது. கடைசியில் அது துண்டு துண்டாகப் பிளந்தது. மேசையைச் சாய்த்து லாச்சியின் முதுகில் காலால் உதைத்தேன். அது முனகிக்கொண்டு வெளியே வந்தது.

மாமி டப்பாவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். கணவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் வேனுக்குப் போய்விட்டார்.

கம்பளைக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. "மழை, றோட்டெல்லாம் பிளொக்" என்று மாமி பல் தெரியச் சொன்னார். எனக்காகத்தான் அந்தப் பொய் என்று புரிந்தது. அது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

அடுத்த விடுமுறையில் சீவுளி ஒன்று வாங்கி லாச்சியின் பக்கங்களைச் சீவினேன். அளவு தெரியாமல் சீவிவிட்டேன். மழை விட்டு வெயில் வந்ததும் லாச்சி உள்ளே லொடலொடவென்று ஆடியது. தரை வேறு சற்றுச் சரிவு. மூடிவிட்டுத் திரும்பினால் தானாக வெளியே வந்து நிற்கிறது. மாமி அறைக்குள் நடக்கும்போதெல்லாம் அதில் இடித்துக்கொள்கிறார். இடித்த காலைத் தடவிக்கொண்டு லாச்சியை மெல்ல உள்ளே தள்ளிவிடுகிறார்.