சந்திரமதியின் மெழுகுக் கொட்டகை

1964 பொங்கலுக்கு மறுநாள் தீவின் சாத்தாம் துறையில் மெட்ராஸ் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. பக்கத்து வீட்டு விசாலாட்சியின் கணவருக்குத் தீவு உத்தியோகம் முடிந்து மாற்றல் வந்திருந்தது. ஏணியில் கால்வைக்கும் முன் விசாலாட்சி திரும்பி வந்து சந்திரமதியின் காதோரம் சொன்னாள்.

"தாம்பரத்துல எங்க சித்தி பொம்பளைங்களுக்குத் தொழிற்கூடம் நடத்துறாங்க. மெழுகுவர்த்தி சொல்லிக்குடுக்க ஆள் தேடுறாங்க, தங்க இடமும் உண்டு. நீ செய்யறதுல ஒரு பெட்டி அனுப்பி வை, நான் பேசுறேன். சும்மா இருந்துடாதடி."

கப்பல் மறையும்வரை சந்திரமதி நின்றாள். பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்காக அதே துறையில் வந்து இறங்கியவள். எட்டு வருடத்தில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை, பிள்ளையும் இல்லை.

மெழுகு வார்க்கப் பாளையங்கோட்டை மிஷன் விடுதியில் படிக்கும்போது கற்றிருந்தாள். அங்கே வார்த்தது மணமில்லாத வெள்ளை வர்த்தி. மணம் சேர்த்தது இவளுடைய யோசனை. முதலில் பன்னீரை ஊற்றினாள். உருகிய மெழுகில் தண்ணீர் பட்டதும் சடசடவென்று தெறித்து மணிக்கட்டு வெந்துபோனது. அதன்பின் கடலோரத் தாழம்பூவைக் கிழித்து வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயில் பத்து நாள் ஊறவைத்து, வடித்து, மெழுகில் கலந்தாள். மூங்கில் குழாய்தான் அச்சு. கரண்ட் போன இரவுகளில் மண்ணெண்ணெய் நாற்றத்துக்குப் பதில் தாழம்பூ மணந்ததும் அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் ஆளனுப்பிக் கேட்டார்கள்.

கணவன் குழந்தைவேலு அரசுப் பண்டகசாலையில் குமாஸ்தா. அவனுடைய தாத்தா கைதியாக வந்து, தண்டனை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். குழந்தைவேலு கடல் தாண்டியதே இல்லை. அதிர்ந்து பேசமாட்டான். தாம்பரம் போய் ஒரு வருடம் இருந்துவரட்டுமா என்று அவள் கேட்டபோது, "போலாமே சந்திரா. அடுத்த கப்பல்ல பாக்கலாம்" என்றான்.

அடுத்த கப்பல் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அவளுக்கென்று ஒரு கொட்டகை கட்டிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த கப்பலின்போது, தகர வேலைக்காரனிடம் சொல்லி ஒரே வார்ப்பில் இருபத்துநான்கு வர்த்தி இறங்கும் அச்சு செய்து வந்தான். மூன்றாவது கப்பலுக்குள் அதிகாரிகள் கிளப்பில் மாதாமாதம் வர்த்தி தருவதாக அவள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டான். முடியாது என்று ஒருநாளாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் சொல்லவே இல்லை.

"எந்தப் புருஷன்டி இப்படிச் செய்வான்? ராணியாட்டம் வெச்சிருக்கார்" என்றாள் எதிர்வீட்டு அலமு.

சந்திரமதி கொட்டகைக்குத் திரும்பினாள். ஏப்ரல் வெயிலில் தகரம் கொதித்தது. ஒரே ஜன்னல், அதற்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். தலைமுடியில், புடவையில், பிசைந்த சோற்றில், எல்லாவற்றிலும் தாழம்பூ. ஊரே விரும்பிய அந்த வாசனை அவளுக்குக் குமட்டியது. கப்பல் சங்கு கேட்டால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். பிறகு திரும்பிவந்து திரி கட்டுவாள்.

மார்ச் மாதமே பன்னிரண்டு வர்த்திகளை மரத்தூளில் பொதிந்து தகர டின்னில் அடைத்து விசாலாட்சிக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் வீட்டுத் தபால் போவதும் வருவதும் குழந்தைவேலுவின் ஆபீஸ் வழியாகத்தான். கப்பல் வரும் நாளெல்லாம் அவன் கைகளைப் பார்த்தாள். அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் வரல. கோயி பாத் நஹி, பரவால்ல, அடுத்த கப்பல்ல வரும்" என்பான்.

ஒருநாள் அலமாரியில் வைத்திருந்த வர்த்திகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்ததுபோல் இருந்தது. மணத்துக்காக எண்ணெயை அள்ளி ஊற்றியிருந்தாள். இங்கே எல்லோரும் காற்றுக்குப் பயந்து டீ கிளாஸுக்குள் வைத்து ஏற்றுவதால் அவை குழைவது யாருக்கும் தெரியவில்லை. கப்பலின் அடித்தளச் சூட்டில் பன்னிரண்டும் கூழாகியிருக்கும். அந்தக் கூழை விசாலாட்சி தன் சித்தியின் முன்னால் திறந்திருப்பாள். நினைக்க நினைக்கக் கூசியது. மறுபடி எழுதவேயில்லை. கிளப்புக்கு மட்டும் மாதம் தவறாமல் வர்த்தி போனது. ஏழு வருடம் போனது.

1971 செப்டம்பரில் குழந்தைவேலு சரக்குச் சரிபார்க்க வடக்கே திக்லிபூர் போயிருந்தான். மெட்ராஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸ் தங்கம், அவர்கள் குடியிருந்த ஜங்லிகாட்டில் வீடு வீடாக விசாரித்துக் கொட்டகைக்கே வந்துவிட்டாள். "உங்க கையிலதான் குடுக்கணும்னு விசாலாட்சியம்மா சொன்னாங்கக்கா" என்று ஒட்டிய உறையை நீட்டினாள். சந்திரமதி கைமெழுகைப் புடவையில் துடைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"சந்திரா, உன் டின் வந்தபோது பன்னிரண்டும் ஒரே கட்டியாகக் கிடந்தது. சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அந்தக் கட்டியிலேயே ஒரு திரியைக் குத்திக் கொளுத்திப் பார்த்தார். ராத்திரிவரை வீடே மணத்தது. 'எண்ணெயைக் குறைக்க நான் சொல்லித் தருகிறேன், அவளை வரச்சொல்' என்றார். அந்த வாரமே உனக்கு எழுதினேன். பிறகும் இரண்டு கடிதம் போட்டேன். மூன்றாவதற்கு உன் வீட்டுக்காரர் பதில் எழுதினார். உனக்கு வர இஷ்டமில்லை, என்னிடம் சொல்லத்தான் கூச்சப்படுகிறாய் என்று. நானும் நம்பிவிட்டேன். போன மாதம் சித்தி காலமானார். கூடத்தை இப்போது நான்தான் பார்க்கிறேன். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்காரும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. வருகிறாயா இல்லையா என்று நீயே ஒரு வரி எழுது. எழுதி, நீயே போய்த் தபாலில் போடு."