கிரேக்க ராணிக்காக நான் வைத்த இருட்டு

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றம், ஆண்டு விழாவுக்கு வழக்கமாகக் குடும்ப நாடகம்தான் போடும். எண்பதுகளின் நடுவில் ஒருமுறை, புதிதாக வந்த மன்றச் செயலாளர், கல்லூரியில் படித்ததை மறக்க முடியாமல், கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். போரில் வென்று திரும்பும் மன்னனை ராணியே அரண்மனைக்குள் வெட்டிக் கொல்கிறாள். மின் பிரிவில் இருந்த என்னிடம் ஒளியமைப்பு வந்து சேர்ந்தது.

கிரேக்கர்கள் கொலையை மேடையில் காட்டுவதில்லை. அதனால் அலறல் கேட்கும்போது மேடை முழுக்க இருட்டு. பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டும்வரை இருட்டு. பிறகு அரண்மனைக் கதவுக்குப் பின்னாலிருந்து சிவப்பு வெளிச்சம் மெல்ல ஊறி வர வேண்டும். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் கருவி மன்றத்தில் கிடையாது. மண் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஈயத் தகடுகளைத் தொங்கவிட்டு நானே செய்தேன். தகடு இறங்க இறங்க வெளிச்சம் கூடும். டியூப் லைட் மாற்றியே உத்தியோகம் கழிந்துகொண்டிருந்தவனுக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த இருட்டு ஒன்றுதான்.

ராணி உள்ளே போனாள். மன்னன் அலறினான். அணைத்தேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், கரண்ட் புட்டுக்கிச்சுடா!"

விசில் பறந்தது. "எலெக்ட்ரீசியன் தூங்கினு கீறான்பா, எழுப்புங்க!"

பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டை இறக்கினேன். அது தண்ணீரைத் தொடுமுன் வெளியே ஜெனரேட்டர் உறுமியது. ஜெனரேட்டர் இணைப்பில் இருந்த அரங்கத்து டியூப் லைட்டுகள் அத்தனையும் எரிந்தன. திறந்திருந்த கதவு வழியே, செத்துப்போன மன்னன் நின்றபடி தன் சட்டையில் குங்குமத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததை, முன்வரிசைப் பெரிய அதிகாரி உட்பட அனைவரும் கண்டுகளித்தார்கள்.

வெளியே ஓடினேன். "யாருய்யா போடச் சொன்னது?"

ஜெனரேட்டர்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னா சார் நீ! பெரிய அய்யா இருட்டுல குந்திகினு கீறாரு. இதுக்கு ஆர்டர் வேற கேக்கணுமா?"

விதி அவர் பக்கம். அதிகாரி இருக்கும் இடத்தில் விளக்கு அணைந்தால் உடனே ஜெனரேட்டர் போட வேண்டும். அணைந்தது கலைக்காகவா என்று விசாரிக்க விதியில் இடமில்லை. இருட்டைப் பற்றி முன்கூட்டியே நான் அனுப்பிய சுற்றறிக்கை, வேறு பிரிவைச் சேர்ந்த அவருக்குப் போகவில்லை.

விழா முடிவில் பெரிய அதிகாரி, மின்தடையைச் சமாளித்ததற்காக அவருக்குச் சால்வை போர்த்தினார். மறுநாள் என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஃபியூஸ் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். யோசித்து, திட்டமிட்டு, வேண்டுமென்றே அணைத்தேன் என்று எழுதியிருந்தால் விசாரணை வைத்திருப்பார்கள்.