புதன்கிழமை வேனும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வெளிவரும் ஒரு சிறிய மருத்துவ ஆய்விதழுக்கு நான் பிரதி திருத்துகிறேன். அதற்கு முன் பல வருடம் தமிழ் நாளிதழில் துணையாசிரியர். மருத்துவம் படித்தவனில்லை. ஆனால் ஒரு விபத்துச் செய்தியில் லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதப்படவில்லையென்றால், நிருபர் அந்த இடத்துக்கே போகவில்லை என்று தெரிந்துகொள்ளப் பழகியவன். ஆய்வுக் கட்டுரையிலும் முடிவுரையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பார்ப்பது 'எப்படிச் செய்தோம்' என்ற பகுதி.

வட்டார இதழ்களுக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேதான் நோஞ்சானாக இருக்கும். 'நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்' என்று ஒரே வரி. யார் குலுக்கியது, எதில் குலுக்கியது, சீட்டைப் பிரித்தபின் என்ன நடந்தது என்றெல்லாம் இருக்காது.

சென்ற ஆண்டு வந்த ஒரு கட்டுரையிலும் அதே வரி. எழுதியவர் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் இளம் பெண் மருத்துவர். இனிப்புநீர், அதாவது நீரிழிவு உள்ளவர்களில் ஒரு குழுவுக்குப் புதன்கிழமைகளில் பாதப் பராமரிப்பு வகுப்பு. இன்னொரு குழுவுக்கு வெள்ளிக்கிழமை வழக்கமான பரிசோதனை மட்டும். வகுப்புக்கு வந்தவர்களுக்குக் காலில் புண் குறைவு என்பது முடிவு. முதல் அட்டவணையில் இரு குழுவுக்கும் வயது பொருந்தியது, எடை பொருந்தியது. முகவரி பொருந்தவில்லை. பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஏறக்குறைய எல்லாரும் புதன்கிழமையில் இருந்தார்கள்.

தொலைபேசியில் கேட்டேன்.

"டாக்டர், குலுக்கிப் போட்டது யாரு?"

"மிஸ்ஸிதான் அண்ணே. டின்ல சீட்டு போட்டு எடுத்தாங்க. ஏன்?"

"தோட்டத்து ஆளுங்க எல்லாம் ஒரே பக்கம் விழுந்திருக்காங்களே."

"சில நேரம் அப்டி விழும்லா."

"காசைச் சுண்டுனா ஒவ்வொரு தடவையும் தலையே விழுமா?"

அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னார். "அண்ணே, அடுத்த மாசம் ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்கு இன்டர்வியூ. போன வருசம் பேப்பர் இல்லன்னு தள்ளிட்டாங்க. இது இல்லன்னா இந்த வருசமும் போச்சு." பிறகு அவரே முடித்தார். "நாளைக்கு புதன்தானே. வாங்க, மிஸ்ஸியையே கேட்டுருவோம்."

போனேன். மிஸ்ஸி கிளினிக்கில் எல்லாரும் பயப்படுகிற மூத்த தாதி. கேள்வியைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"நானா ஏமாத்துவேன்? பிஸ்கட் டின் அண்ணே! கண்ணை மூடிட்டு எடுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

வகுப்புக்குக் காத்திருந்த அம்மாள் ஒருவர் உதவிக்கு வந்தார். "அதெல்லாம் ஒழுங்காத்தான் எடுத்தோம். எடுத்தப்புறம் மாத்திக்கிட்டோம்."

"என்ன மாத்துனீங்க?" என்றார் மருத்துவர்.

"சீட்டுதான். எனக்கு வெள்ளி வந்துச்சு. எங்க வேன் புதன்தானே வரும்? டவுன்ல இருக்கிற ஒரு தங்கச்சிகிட்ட அதைக் குடுத்துட்டு அவங்க புதனை வாங்கிக்கிட்டேன். எங்க ஆளுங்க எல்லாரும் அப்டித்தான்."

"வேற வண்டி ஏது டாக்டர் அவங்களுக்கு?" என்றார் மிஸ்ஸி. "வரலன்னா நீங்கதானே ஏசுவீங்க?"

தோட்டம் விற்கப்பட்டபோது அவர்கள் அனைவரும் ஒரே அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்கள். வாரம் ஒருமுறை சேர்ந்து ஒரு வேன் பிடித்து, சந்தைக்கும் கிளினிக்குக்கும் வருகிறார்கள். அந்த வேன் ஆய்வையே இரண்டாகப் பிரித்திருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

மருத்துவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "வகுப்புல சொன்னபடி தினம் பாதத்தைப் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"குனிய முடிஞ்சாத்தானே? வேன்ல இவ காலை நான் பாப்பேன், என் காலை இவ பாப்பா."

பக்கத்தில் இருந்தவர் குறுக்கிட்டார். "இவ காலு யானைக் காலு டாக்டர். பாத்து முடிக்கிறதுக்குள்ள கிளினிக்கே வந்துரும்."

"வாயைப் பாரு! நேத்து இன்னிக்கா பாக்குறோம்? தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுற காலத்துலேருந்து. அட்டை ஏறியிருக்கான்னு ஒருத்தர் காலை ஒருத்தர் பாத்துட்டுத்தானே லயத்து வீட்டுக்குத் திரும்புவோம்."

மருத்துவரின் பேனா நின்றது. வகுப்பு தொடங்கும் முன்பே இந்தக் கால்களை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். புண் குறைந்ததற்குக் காரணம் வகுப்பா, வேனா என்று அவருடைய அட்டவணையால் சொல்ல முடியாது.

வகுப்பு முடிந்ததும் வெளியே காரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். தலைப்பிலிருந்த 'குலுக்கல்' என்ற சொல்லை எடுத்தார். சீட்டு மாறியதை எழுதினார், வேனை எழுதினார், அட்டையையும் எழுதினார். முடிவுரையில் 'நிரூபிக்கிறது' என்றிருந்தது 'இருக்கக்கூடும்' ஆயிற்று. நான் ஒரு காற்புள்ளியைத் தவிர எதையும் தொடவில்லை.

எங்கள் ஆசிரியர் படித்துவிட்டு, "சின்னதாயிடுச்சு. ஆனா இப்ப நம்பலாம்" என்றார். மதிப்பீட்டாளர்களுக்கு மறுபடி அனுப்பியாக வேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்புக் கடிதம் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள்தான் போனது.

தேர்வு முடிந்த அன்று மாலை மருத்துவர் அழைத்தார்.

"ஏன் குலுக்கல் முறையில பிரிக்கலன்னு கேட்டாங்க அண்ணே. பிரிச்சேன், வேனுக்கு ஒத்துவரலன்னு சொன்னேன். அப்புறம் முக்கால்வாசி நேரம் அட்டையைப் பத்தித்தான் பேச்சு."

சில வாரம் கழித்து இடம் கிடைத்த செய்தி வந்தது. வாழ்த்தினேன். அவர் வாழ்த்தைக் கேட்கும் நிலையில் இல்லை; அடுத்த ஆய்வில் இருந்தார்.

"தப்பு எங்கன்னு புரிஞ்சிருச்சு அண்ணே. ஆளுக்கு ஒரு சீட்டு போட்டா மாத்திக்குவாங்க. அடுத்த தடவை பல தோட்டத்து ஆளுங்க; வேனுக்கு ஒரு சீட்டு."