நீலக்கை அண்ணியும் வாசல் மரமும்

எங்கள் அண்ணிக்குக் காட்டு வேலைக்காரர்கள் வைத்த பெயர் நீலக்கை. அறுத்த மரக்கட்டைகளில் மருந்து பூசியது எது, பூசாதது எது என்று தெரிய, களைக்கொல்லியில் நீலச் சாயம் கலந்திருப்போம். கையுறை போட்டாலும் அந்த நீலம் எப்படியோ அவர் மணிக்கட்டுவரை ஏறிவிடும். வீட்டில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார், போகாது. முகத்தில் பூசிக்கொள்ளாத வரைக்கும் சந்தோஷம் என்று அண்ணன் கிண்டலடிப்பார். அன்றைக்கு அண்ணனின் டீயில் மட்டும் சர்க்கரை இருக்காது.

எங்களுடையது ஜோடி வேலை. எங்கிருந்தோ வந்து சரிவு முழுக்கப் பரவிவிட்ட ஒரு களை மரம். அதன் கீழே காட்டுக்குச் சொந்தமான செடி ஒன்றும் தலைகாட்டாது. நான் அடியோடு அறுப்பேன். அண்ணி பின்னாலேயே வந்து கட்டையின் மேல் தூரிகையால் மருந்து பூசுவார். பூசாமல் விட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். பக்கத்துப் புல்லில் ஒரு சொட்டு சிந்தமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, எனக்குத்தான் எதிலும் கர்வப்பட வழியில்லை.

அதே இனத்து மரம் ஒன்று வன அலுவலக வாசலில் பிரம்மாண்டமாக நின்றது. ரேஞ்சரின் நாற்காலியும் எங்கள் சாப்பாடும் அதன் நிழலில்தான். களையாக இருந்தாலும் இது நம் வீட்டுக் களை, யாரும் தொடக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் அந்த மரத்தின் ஒரு பக்கக் கிளைகளில் இலைகள் சுருண்டு வெளுத்தன. மருந்து ஏறிய இலை எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மீந்த மருந்தை மரத்தடியில் கொட்டினீர்களா என்று ரேஞ்சர் அண்ணியைக் கேட்டார். இல்லை என்றார் அண்ணி. அப்படியானால் எப்படி ஏறியது என்றார் ரேஞ்சர். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனதைவிட, கொட்டினவள் என்ற பெயர்தான் அண்ணியை அரித்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இது மருந்தல்ல, ஏதோ வேரழுகல் நோய் என்று நிரூபிப்பதற்காக மண்வெட்டியோடு போய், சுருண்ட கிளைகளின் பக்கம் தோண்டினேன். அண்ணியும் கூட வந்து மண்ணை அள்ளிப் போட்டார். ரேஞ்சர் தடுக்கவில்லை; நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அழுகல் எதுவும் இல்லை. தொடைப் பருமனில் ஒரு வேர் சரிவை நோக்கி ஓடியது. விடாமல் அதன் பின்னாலேயே தோண்டினோம். வேலியைத் தாண்டி, பாதையைத் தாண்டிப் போய், அந்த வேரே மேலே எழுந்து நீலம் பூசிய ஒரு கட்டையாகியிருந்தது. அங்கிருந்து இன்னொரு வேர், இன்னொரு நீலக் கட்டை. எங்கே மண்ணைத் தள்ளினாலும் அப்படித்தான். நான் மண்வெட்டியைக் கீழே போட்டேன்.

அண்ணி எழுந்து நின்று சரிவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே மரம் தம்பி. நாம இத்தன வருஷமா அறுத்தது எல்லாமே ஒரே மரம்."

ரேஞ்சர் இறங்கி வந்து, மருந்து ஏறி வந்த அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார். தப்பாகப் பேசிவிட்டேன், நாளைக்கே வேலைக்கு வாருங்கள் என்றார். நான் பெருமையாக அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை.

"கொட்டல சார். ஆனா கொன்னது நான்தான்."

பாதி செத்த மரம் சும்மா இருக்காது. சரிவெங்கும் புதுக் கன்றுகளைக் கிளப்பும். காடு திரும்ப வேண்டுமென்றால் வாசல் மரத்தையும் முடித்தாக வேண்டும். ரேஞ்சரே வாய்விட்டு அதைச் சொன்னார். பெரிய ரம்பம் வந்தது. மரம் சாய்ந்தபோது அலுவலக வாசலில் விழுந்த வெயிலில் எல்லோருக்கும் கண் கூசியது.

அண்ணி தூரிகையை நனைத்துக்கொண்டு அடிக்கட்டையருகே மண்டியிட்டார். பட்டையை ஒட்டிய வளையத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றினார், மறுபடி ஊறியது. மறுபடி ஒற்றினார், விளிம்பு நிரம்பிப் பட்டை வழியே வடிந்தது. மேலே ஒரு இலைகூட இல்லை. உயிரோடு மிஞ்சிய வேர்களெல்லாம் சரிவிலிருந்து தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருந்தன. இந்த ஈரத்தில் பூசினால் மருந்து நிற்காது.

"அதுக்கு இன்னும் தெரியல தம்பி," என்றார்.

தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டுக் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேஞ்சரும் நானும் தரையில் உட்கார்ந்து, அந்த ஊற்று அடங்கும்வரை காத்திருந்தோம்.