பிளாசியார் திருநாளில் நான் விட்ட ஏலம்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் தொண்டை டாக்டரிடம் போயிருந்தேன். அந்தம்மாவுக்கு என் பேத்தி வயசுதான் இருக்கும். நாக்கை அமுக்கிப் பிடித்து, "ஆ சொல்லுங்க தாத்தா" என்றார். சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பிறகு அவர் கழுத்தின் இரண்டு பக்கமும் சில்லென்று கை வைத்துத் தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்குத் தேன்மெழுகு வாசனை வந்துவிட்டது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என் பேரில் மண்டி இருக்கிறதென்றால் படிப்பா காரணம்? தொண்டை ஐயா, தொண்டை! வாலிப வயசில் காதர் பாய் புளிமண்டியில் ஏலம் கூவுகிற வேலை எனக்கு. நான் "ஒரு தரம்" என்றால் பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவன் கை நிற்கும் என்பார்கள். நான் சொல்லவில்லை, சொன்னவர்கள் இருந்தார்கள்.

ஒரு வருஷம் தை மாதம் பாய் ஒரு மைக் செட் வாங்கி வந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மைக்குக்கு நான் கம்மியா பாய்?" என்று அதற்கு எதிரே நின்று ஒரு பகல் முழுக்கக் கூவிக் காட்டினேன். சாயங்காலம் மைக் கரகரத்து நின்றுபோனது. என் தொண்டையும்தான். ஆனால் முதலில் நின்றது மைக், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமாகியும் காற்றுதான் வந்தது. மிளகு, சித்தரத்தை, சுக்குக் கஷாயம் எதுவும் கேட்கவில்லை. புளி சீசனின் முதல் ஏலம் நெருங்கிவிட்டது. பாய் சொன்னார்: "நாளன்னிக்கு ஏலம்ப்பா. உன் குரல் வரலன்னா சின்னசேலத்து ஆளு கூவட்டும். கோவிச்சிக்காத." வந்தவன் ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருப்பானா? என் பிழைப்பு அவன் வாய்க்குப் போய்விடும்.

அப்போது மண்டியில் சவரி உபதேசியார் இருந்தார். கல்வராயன் மலை அடிவாரத்து மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். கோயில் மரத்துப் புளியோடு வந்திருந்தார். "நாளைக்கு எங்க பிளாசியார் திருநாளு. தொண்டைக்கின்னே இருக்கிற சாமி. வந்து கழுத்த நீட்டு" என்றார். நான் பாயைப் பார்த்தேன். எங்கள் வீடு அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. பாய் சிரித்தார். "குரலு எந்த வாசல்ல வந்தா இன்னா? போய்க் கூட்டிக்கினு வா!"

கச்சிராயபாளையம் பஸ்ஸில் போகும்போது சவரி கதை சொன்னார். பிளாசியார் ஆர்மேனியா நாட்டில் ஆயராம், அதாவது பிஷப்பாம், வைத்தியமும் தெரிந்தவராம். "ராசாவோட ஆளுங்க வெரட்டறாங்கன்னு மலைக்கொகையில போய் இருந்துக்கினாரு. சீக்கு வந்த காட்டு மிருகமெல்லாம் அவருகிட்ட வருமாம். அப்புறம் புடிச்சிக்கினு போறாங்க. வழியில ஒரு பொம்பள, தொண்டையில மீன்முள்ளு மாட்டின புள்ளையத் தூக்கிக்கினு ஓடியாறா. இவரு ஜெபிச்சாரு, முள்ளு வந்துட்ச்சி. ஜெயிலு இருட்டுல இருந்தவருக்கு ஒரு ஏழை மெழுகுத்திரி கொண்டாந்து குடுத்தா. அதான் இன்னிக்கும் கழுத்துல திரி வெக்கிறது." எனக்குக் கோமுகி அணை ஜிலேபி மீன் ஞாபகம் வந்தது. அந்த முள்ளை எடுக்கிறவர் சாமிதான், சந்தேகமில்லை.

திரிகளைப் பிளாசியார் திருநாளுக்கு முந்தின நாளே மந்திரித்து வைத்துவிடுவார்கள். குழந்தை யேசுவை நாற்பதாம் நாள் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, ஒரு கிழவர் வாங்கி ஏந்தி, இதுதான் உலகத்துக்கு வெளிச்சம் என்றாராம். அந்த நாளுக்கு மெழுகுத்திரி திருநாள் என்று பேர். மலைக்காரர்கள் இறக்கிக் கொடுத்த தேன்மெழுகில் சவரியே திரித்த திரிகள். கோயிலே தேனடை மாதிரி மணந்தது.

வரிசையில் நின்றேன். சாமியார், அதாவது அந்தக் கோயில் பாதிரியார், சிவப்பு நாடாவால் குறுக்கே கட்டிய இரண்டு திரிகளைக் கத்தரிக்கோல் போல என் கழுத்தில் வைத்தார். சில்லென்றது. தொண்டை நோயிலிருந்தும் மற்ற எல்லாத் தீமையிலிருந்தும் ஆண்டவர் காப்பாராக என்று முடித்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் 'ஆமென்' சொல்லவேண்டுமாம். எனக்கு என்ன தெரியும்? கடைசி விலை விழுந்ததும் மண்டியில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அச்சு அசல் அதே அமைதி. பின்னாலிருந்து சவரி விலாவில் ஒரு குத்து விட்டார்.

"மூணு தரம்!"

கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்துவிட்டன. சாமியார் கையிலிருந்த திரி ஆடியது. சாமியார் நிதானமாகக் கேட்டார்: "யாருக்குய்யா விட்ட?"

"ஆண்டவருக்குத்தாங்க சாமி!" என்றார் சவரி. பிறகு எழுந்த சிரிப்பில், எனக்குக் குரல் வந்துவிட்டதை நானே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மறுநாள் ஏலத்தை நான்தான் கூவினேன். சின்னசேலத்து ஆள் மசால்வடை தின்று, நன்றாகத்தான் கூவுகிறான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். "இன்னாத்தப்பா தடவுனாங்க? அந்த மைக்குக்கும் கொஞ்சம் தடவிக்கினு வந்திருக்கலாமே" என்றார் பாய்.

டாக்டரம்மா இனி சத்தம் போடாதீர்கள் என்கிறார். எங்கே போடுவது? என் மண்டியிலேயே விலை செல்போனில் வருகிறது, செல்போனிலேயே முடிகிறது. பாய் இல்லை. சவரியும் இல்லை. கோயில் புளியமரங்களை ரோடு போட வெட்டிவிட்டார்கள். திரிகள் கடையில் வாங்கிய வெள்ளைத் திரிகள், மணமே கிடையாது.

ஆனாலும் வருஷா வருஷம் போய்க் கழுத்தை நீட்டுகிறேன். இளம் சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார். விலாவில் குத்த ஆளில்லை. இப்போதெல்லாம் 'ஆமென்' என்று சரியாகத்தான் சொல்கிறேன்.

யாரும் சிரிப்பதில்லை.