உதட்டில் வைத்த விரல்

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. யாராவது அப்படிக் கதை சொன்னால், "தூக்கம் கெட்டிருக்கும், போய்ப் படு" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவேன். நீங்களும் என்னை அப்படியே சொல்லுங்கள், கேட்டு முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவை நான்தான் நடத்துகிறேன். ஞானப்பாட்டுகளை நான்கு குரலில் பாடுவோம். அடிக்குரலுக்கு, பேஸுக்கு, இரண்டே பேர். அதில் ஒருவர் தேவசகாயம் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டி ஓட்டிக் காது மந்தம். பாட்டு நடுவில் அரைச் சுரம் இறங்குவார், மொத்தக் குழுவையும் கூடவே இறக்குவார்.

சபைகளுக்குள் ஒரு பாட்டுப் போட்டி வந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்."

சிரித்தார். "அவ்ளோ மோசமாவா கீது டீச்சர்?"

"ஆமா."

போட்டி முடிந்ததும் பாடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள், அதனால் சொல்லவில்லை. நான்கு வருடம் அந்த மனுஷன் ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டு, கடைசி வரிசை ஓரத்தில் நின்று வாயசைத்தார். ஆசை தாங்காமல் எப்போதாவது சத்தம் வந்தால் நான் உதட்டில் விரல் வைப்பேன், உடனே நின்றுவிடும். ஒருமுறை, "ஒரே ஒரு பாட்டு டீச்சர், மெதுவா பாடிக்கிறேன்" என்று கெஞ்சினார். "கிறிஸ்மஸுக்குப் பார்க்கலாம்" என்றேன். அதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்து முதல் ஞாயிறு. அவர் மனைவி எஸ்தர் அக்கா முன்பெஞ்சில், எங்களுக்குப் பக்கவாட்டில். இன்னொரு பேஸ்காரருக்குக் கம்பெனியில் ஷிஃப்ட். அதனால் மூன்று குரலோடுதான் பாட்டை ஆரம்பித்தோம். காலை ஒன்பது மணி, ஜன்னல் எல்லாம் வெயில். நம்பினால் நம்புங்கள், மூன்றாவது சரணத்தில் பேஸ் கேட்டது. கடைசி வரிசை ஓரத்திலிருந்து, அவருடைய காலி நாற்காலியிலிருந்து. அவர் குரல், எனக்குத் தெரியாதா? ஒரு துளி இறங்கவில்லை. அத்தனை சுத்தமாக இருந்தது.

என் கை தானாக எழுந்தது. பழக்கம். உதட்டில் விரல் வைத்துவிட்டேன்.

நின்றுவிட்டது.

ஆராதனை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் ஜெனி ஓடிவந்தாள். "டீச்சர், பேஸ் யாரு பாட்னது? சூப்பரா போய்க்கினு இருந்துச்சு, ஏன் நிறுத்திட்டாங்க?" வாசலில் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்தார், உதட்டில் விரல் வைத்த அதே கையை.

"ஊட்ல நாலு வருசமா தெனம் பாடிப் பாடித் திருத்திகினு இருந்தாரு, இந்தக் கிறிஸ்மஸுக்காவது பாடிடலாம்னு. இப்பக்கூடவா டீச்சர்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாற்காலியை நான் எடுக்கவில்லை. மூன்றாவது சரணம் வந்தால் இரண்டு கையையும் கீழே போட்டுவிடுகிறேன், குழு தாளம் தவறுகிறது, தவறட்டும். ஒவ்வொரு வரிக்கு முன்னும், சரியான இடத்தில், அங்கிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் வருகிறது.

அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை.