இரண்டு இருமல்

தெருவில் எல்லாரும் அவளை லிஃப்ட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்ட்டைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். பழுது பார்ப்பது அவள் புருஷன். ஃபோனை எடுப்பது, பில் போடுவது, கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது அவள். கல்யாணமான புதிதில் ஒற்றை மேஜையோடு ஆரம்பித்த கம்பெனி. இன்றைக்கும் ஒற்றை மேஜைதான்.

இப்போது பிரச்சினை அவருடைய முட்டி. இரண்டும் தேய்ந்துவிட்டன, இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற மனுஷன் படி ஏறாமல் எப்படி? மோட்டார் இருப்பதோ மொட்டை மாடியில். நின்றுபோன லிஃப்ட்டிலா ஏறிப் போக முடியும்? போன வாரம் ஒரு கட்டடத்தில் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன்தான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டிருக்கிறான். அவன் ஃபோன் பண்ணிச் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவர் மூச்சு விடவில்லை.

அதனால் ஆள் தேடினாள். மாதக் கணக்கில் தேடினாள்.

வேலை கேட்டு வருகிறவர்கள் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வியர்ப்பார்கள். அவளும் ஒரு காலத்தில் அப்படி வியர்த்தவள்தான். கேள்வி கேட்கிறவர்களுக்கு என்ன கவலை, ஜாலியாகக் கேட்கிறார்கள் என்று அப்போது நினைத்திருந்தாள். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இங்கேயும் வியர்க்கும் என்று. வருகிறவனுக்கு இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று. அவள் தப்பான ஆளை எடுத்தால் யார் வீட்டுக் குழந்தையோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அழும். ஆள் நம்பகமானவனா, தொழிலைக் கற்றுக்கொண்டு பெரிய கம்பெனிக்கு ஓடிவிடுவானா, கஸ்டமர் கத்தினால் திருப்பிக் கத்துவானா, எல்லாவற்றையும் கொஞ்ச நேரப் பேச்சில் கண்டுபிடித்தாக வேண்டும். செருப்பு வாங்குவதற்கே அவள் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வாள்.

தொழில் தெரிந்தவர் புருஷன்தான். ஆனால் எதிரில் உட்கார்ந்தால் வந்தவனைப் பேசவிடாமல் தானே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பக்கத்துச் சாமான் அறையில் கதவை ஒருக்களித்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை இருமினால் எடுத்துக்கொள். இரண்டு தடவை இருமினால் அனுப்பிவிடு.

இதுவரை எல்லாருக்கும் இரண்டு இருமல்தான். ஒருத்தன் வாய்ப்பந்தல் போட்டான், சரி. ஒருத்தன் பழைய முதலாளியைக் கிழிகிழி என்று கிழித்தான், நாளைக்கு நம்மையும் கிழிப்பான், அதுவும் சரி. ஆனால் ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரு பெண்ணுக்கும் இரண்டு. "கையில பலம் இருக்காது, குரல்லயே தெரியுது" என்றார். குரலில் கை எப்படித் தெரியும் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்றைக்கு வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், முகத்தைத்தான் போட முடியவில்லை. அவரும் அவளைப் போலவே களைத்திருந்தார்.

"ஃபேக்டரியை மூடிட்டாங்க மேடம். அங்க சாமான் ஏத்துற லிஃப்ட் எல்லாம் நான்தான் பார்த்துக்கிட்டேன். ஆள் ஏறுற லிஃப்ட் அவ்வளவா தெரியாது. கத்துக்கணும்."

தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆள் இருக்கு. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

மெயினை அணைப்பேன், மேலே ஓடுவேன், பிரேக்கைத் தளர்த்துவேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

"முதல்ல கதவுகிட்ட நின்னு உள்ள இருக்கிறவங்களோட பேசுவேன் மேடம். ஆள் வந்தாச்சு, கொஞ்ச நேரத்துல லிஃப்ட் அசையும், பயப்படாதீங்கன்னு. சொல்லாம அசைச்சா அரண்டு போயிடுவாங்க. அவங்களே கதவை நெம்ப ஆரம்பிச்சா ஆபத்து."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் இத்தனை வருஷமாகச் சாப்பிடும்போதெல்லாம் சொல்கிற அதே பேச்சு.

சாமான் அறையிலிருந்து இரண்டு இருமல் வந்தது.

ஒருவேளை புருஷன் காதில் சரியாக விழவில்லையோ என்று, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். வந்தவர் பாவம், அப்படியே திரும்பச் சொன்னார். மறுபடியும் இரண்டு இருமல், முன்னைவிடப் பலமாக.

"உள்ள யாருக்கோ உடம்பு சரியில்லைபோல" என்றார் வந்தவர்.

"ஆமா, முட்டி வலி" என்றாள் அவள். "நாளைக்குக் காலையில வந்துடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

வந்தவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். புருஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் ரெண்டு தடவை இருமினேன்."

"நாலு தடவை. கேட்டுச்சு."

"அவனுக்கு ஆள் ஏறுற லிஃப்ட்டே தெரியாதுங்கறான்."

"நீங்க சொல்ற பதிலை அட்சரம் பிசகாம சொன்னாரு. அதுக்கும் இருமினீங்க. யார் வந்தாத்தாங்க உங்களுக்கு ஒத்து வரும்?"

அவர் மெல்ல வந்து, வேலை கேட்பவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சொன்னான்" என்றார். "காலையில பையைத் தூக்கிட்டு அவன் போயிடுவான். நான் எழுந்து எங்க போறது?"

இத்தனை மாதமாக ஊரில் இருக்கிறவனையெல்லாம் கேள்வி கேட்டவளை இப்போது அவர் கேட்டுவிட்டார். அழுதிருப்பாள், அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

"எனக்குத் தெரியலங்க" என்றாள். "ஆனா உங்களை யாராவது தூக்கிட்டு வந்து போடறதைப் பார்க்க என்னால முடியாது."

அவர் முட்டியிலிருந்து கையை எடுத்தார். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"எத்தனை மணிக்கு வரச் சொன்ன?"

"காலையிலன்னு சொன்னேன்."

"கொஞ்சம் சீக்கிரமே வரச் சொல்லு. முதல் நாள் நானும் கூடப் போறேன்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"கீழயே நிக்கிறேன்" என்றார்.